காசு கட்டியவர்களுக்கு மட்டும்தானா மரக்கறி?

 

பதிவு கொஞ்சம் நீளம்தான். வேலையெல்லாம் முடித்து ஆறுதலாக வாசியுங்கள்.

போன டிசம்பரில் பஜாரில் ஒரு பேச்சு அடிபட்டது. "டீச்சர் வீட்டுக் காணியில போஞ்சி காய்ச்சுக் கிடக்கு. ஆனா முன்னாடி காசு கட்டுனவங்களுக்கு மட்டும்தான் குடுக்கிறாங்களாம். புயலடிச்ச நேரத்திலயும் இப்படியா?" மூன்று பேர் வாய் வழியாக அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. உம்மாதான், "கேட்டதுல என்ன பிழை? பசிச்சவங்க கேப்பாங்க. பதில் சொல்லுங்க" என்றார். அந்தப் பதில்தான் இது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். எங்கள் காணி அரை ஏக்கருக்கும் குறைவு. வாப்பா பஜாரில் கடை நடத்திய காலத்தில் வாங்கிப் போட்டது. நமுனுகுல மலையைப் பார்த்த சரிவு. கல்லணை கட்டி ஏழு தட்டாகப் பிரித்திருக்கிறோம். போஞ்சி, கோவா, நோக்கோல், கறிமிளகாய் போடுகிறோம். ஓடையோரம் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தானாகவே வரும். வேலை செய்வது நாங்கள் இருவர், உம்மா, பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள். கொழுந்து நிறுத்துப் போட்டபின் லயத்திலிருந்து ஒரு அக்கா வாரத்தில் மூன்று பின்னேரம் வருவார். அவருக்குக் கூலியும் உண்டு, கையோடு மரக்கறியும் உண்டு. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதச் சொல்லித் தந்தார்கள். பாத்தி கட்டச் சொல்லித் தந்தது அந்த அக்காதான்.

இந்த மலைகளில் மண்ணுக்கும் மழைக்கும் குறைவில்லை. ஆனால் கோப்பி போய்த் தேயிலை வந்த நாளிலிருந்து இங்கே கணக்கு ஒன்றுதான். இங்கே விளைவது வெளியே போகும். இங்கே தின்பது வெளியிலிருந்து வரும், அரிசியிலிருந்து கருவாடு வரைக்கும். அந்தக் கணக்கு பிசகினால் முதலில் காய்வது லயத்து அடுப்பு. 1973, 74 பஞ்சத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். 2022 நாங்களே கண்டது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அது பத்திரிகையில் வந்த எண். எங்களுக்கு அது காலைக் கூட்டத்தில் நின்றபடியே தலைசுற்றி உட்கார்ந்த பிள்ளை. "காலையில என்ன சாப்பிட்டீங்க?" "பிளேன்டீ, டீச்சர்."

நாங்கள் காணியில் இறங்கியது 2021 தொடக்கத்தில், வாப்பா மௌத்தான பிறகு. அதைவிட மோசமான ஒரு வருடத்தைத் தேடியும் பிடித்திருக்க முடியாது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் நாட்டில் டொலர் இல்லை. 1500 ரூபாய்க்கு வாங்கிய யூரியா மூட்டை 2022இல் 30,000 ரூபாயையும் தாண்டிப் போனது. சேதனப் பசளை கெட்டது என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். இன்றைக்கும் எங்கள் காணியில் முக்கால்வாசி மாட்டெருவும் கூட்டெருவும்தான். வேலியில் நிற்கும் கிளிரிசிடியா இலையையும் ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தியையும் வெட்டிப் பாத்தியில் புதைக்கிறோம். ஆனால் அந்த எருக்குழியை ஒரு நிலைக்குக் கொண்டுவர எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது. முழு நாட்டையும் ஒரே போகத்தில் மாறச் சொன்னது, தரம் ஆறு பிள்ளையை அடுத்த வாரமே ஏ.எல். எழுத உட்கார வைத்த மாதிரி.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். ஜும்ஆவுக்கு நேரம் போதவில்லை என்று காலமெல்லாம் குறைப்பட்ட எங்கள் ஆட்கள் அந்த மூன்று மாதமும் மண்வெட்டியோடு போட்டோ எடுத்துப் போட்டார்கள். பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியதும் மண்வெட்டி கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்விட்டது. பயிர் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. செய்ததை விற்று அடுத்த போகத்துக்கும் நின்று பிடிப்பதுதான் கஷ்டம். அதைப் பற்றி அந்த நேரம் யாரும் பேசவில்லை.

முதல் இரண்டு வருடம் எல்லோரையும் போல நாங்களும் லொறிக்குத்தான் கொடுத்தோம். ஊவா மரக்கறி போகும் வழி உங்களுக்குத் தெரியும். கெப்பெட்டிபொல, தம்புள்ளை, கொழும்பு. சில நேரம் வெலிமடையில் பறித்த போஞ்சி தம்புள்ளை வரை போய்ச் சுற்றிவிட்டுப் பதுளைக் கடைக்கு வாடி வந்து சேரும். சாக்கில் திணித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது கூழாகத்தானே போகும்? 2011 கடைசியில் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கூடைக்குக் காசு யார் கொடுப்பது என்ற சண்டையிலேயே அது அடங்கிப்போனது. நசுங்கிய போஞ்சியின் விலையையும் நல்ல போஞ்சிதான் சுமக்கிறது. அதாவது நீங்களும் நாங்களும்.

எங்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். ஒரு போகம் கோவா நன்றாக வந்தது. எல்லோருக்கும் நன்றாக வந்துவிட்டது, அதுதான் வில்லங்கம். கமிஷன் கடையில் சாக்குக்கு இத்தனை கிலோ கழிவு என்று வெட்டி, கமிஷனை வெட்டி, லொறிக் கூலியை வெட்டி மிச்சத்தைக் கையில் வைத்தார்கள். நாற்று வாங்கிய காசுகூட அதில் இல்லை. கடைசி இரண்டு தட்டுக் கோவாவை வெட்டவே இல்லை. மாடு தின்றது. அதே வாரம் நம் பஜாரில் கோவா ஒரு கிலோ என்ன விலைக்கு விற்றது என்று பார்த்தபோது உம்மா அழுதுவிட்டார்.

அதன் பிறகு வீட்டுப் படலையிலேயே விற்போம் என்று முடிவெடுத்தோம். அதிலும் இரண்டு தலையிடி. முதலாவது பேரம். "பதுளையில லொறியில வச்சு கூவிக்கூவி 80 ரூபாய்க்கு விக்கிறான், நீங்க 150 சொல்றீங்க" என்பார்கள். அந்த 80 ரூபாய் வாரத்தில் ஒரு நாள் விலை. மற்ற ஆறு நாளும் அந்த லொறியைக் காணோமே என்று எங்களாலும் வாய் திறக்க முடியாது, எல்லோரும் தெரிந்த முகம். இரண்டாவது கடன். இது எங்கள் குடும்பத்துக்குப் பழகிய விஷயம். வாப்பாவின் கடையில் கொப்பிக் கணக்கு இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. சம்பளத்துக்கு வாங்கி, சம்பளத்துக்குக் கொடுத்து, மறுநாள் மறுபடியும் கொப்பி. அந்தக் கொப்பியால் எங்கள் ஆட்கள் சிலர் மாடி வீடு கட்டினார்கள் என்பதையும், அந்தக் கொப்பி இல்லாவிட்டால் பல வீட்டில் மாதக் கடைசியில் அடுப்பு எரிந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் அரிசிக்கடைக்குத் தாங்கும் கடன் அரை ஏக்கர் மரக்கறிக்குத் தாங்காது. போஞ்சி இரண்டு மாதப் பயிர். விதை, எரு, கூலி எல்லாம் முதல் வாரத்திலேயே போய்விடும். வரவு மூன்றாம் மாதம், அதுவும் கொப்பியில்.

பெட்டை யார் திருப்பிப் போட்டது என்றால், எங்கள் மௌலவி ஒருவர்தான். சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது, "கொப்பியைத் திருப்பிப் பிடிங்க, அவங்க உங்களுக்குக் கடன் தரட்டும்" என்றார். ஸலம் வியாபாரம். மதீனாவில் பேரீச்சம்பழத்துக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னதாகவே காசு கொடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதை நிறுத்தவில்லை. அளவும் நிறையும் தவணையும் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார்கள். பேசிய இடத்திலேயே முழுக்காசும் கை மாற வேண்டும். இன்ன மரத்துப் பழம், இன்ன பாத்திப் போஞ்சி என்று கட்டக்கூடாது, அந்தப் பாத்தி அழிந்தால் சண்டைதான் மிஞ்சும். பொருளின் இனம், தரம், எத்தனை கிலோ, எந்தத் திகதிக்குள் என்று மட்டும் எழுத வேண்டும். எங்கள் காணியில் விளையாவிட்டால் வேறு இடத்தில் வாங்கியாவது கொடுக்க வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால், வாங்குபவர் காத்திருக்கலாம் அல்லது கொடுத்த காசைத் திருப்பி எடுக்கலாம். அவர் இஷ்டம்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் 1970களில், பயிருக்கு அடிக்கும் மருந்துக்குப் பயந்த குடும்பத்தலைவிகள் விவசாயிகளோடு நேரே பேசி இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். தெய்கெய் என்று பெயர். 1978இல் அதற்குப் பத்து விதிகள்கூட எழுதினார்கள். அமெரிக்காவில் 1986இல் இரண்டு சின்னப் பண்ணைகள் போகத்துக்கு முன்பே ஊராரிடம் பங்குப் பணம் வாங்கிப் பயிர் செய்யத் தொடங்கின, இன்று அங்கே அது சாதாரணம். அவர்களுடைய முறையில் விளைச்சல் குறைந்தால் வாங்குபவருக்கும் நட்டத்தில் பங்குண்டு. ஸலத்தில் பொறுப்பு விற்பவர் தலையில். இரண்டில் எது நியாயம் என்று எங்கள் வீட்டிலேயே இன்னும் விவாதம் முடியவில்லை.

போன செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்தோம். 24 குடும்பங்கள். பாதிக்கு மேல் லயத்துக் குடும்பங்கள், ஐந்து நம் பள்ளிவாசல் பக்கத்து வீடுகள், நான்கு சிங்களக் குடும்பங்கள். ஒரு வீட்டுக்குப் போஞ்சி 5 கிலோ, கோவா 5 கிலோ, நோக்கோல் இரண்டரைக் கிலோ. போஞ்சி கிலோ 250, கோவா 150, நோக்கோல் 200. மொத்தம் 2500 ரூபாய். தவணை பொங்கலுக்கு முதல் நாள், ஜனவரி 14. எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. 60,000 ரூபாய் கையில் வந்தபோது, பயிர் செய்யத் தொடங்கிய இத்தனை வருடத்தில் முதல் தடவையாக யாரிடமும் கடன் வாங்காமல் விதை வாங்கினோம்.

நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. பதுளை மாவட்டம் பட்டதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்ணுக்குள் போன வீடுகளுக்கும் ஆட்களுக்கும் முன்னால் எங்கள் நட்டம் ஒன்றுமே இல்லை. கீழ்த்தட்டு மூன்றும் கல்லணையோடு ஓடைக்குள் இறங்கிவிட்டன. அவ்வளவுதான். மேல்தட்டுப் போஞ்சி தப்பியது.

ரோடு மூடிக்கிடந்த அந்த நாட்களில் மரக்கறி விலை ஏறியது. ரோடு ஒருபக்கம் திறந்ததும் லொறிக்காரர் ஒருவர் கோல் எடுத்தார். "டீச்சர், போஞ்சி கிலோ 650க்கு எடுக்கிறேன், இப்பவே காசு." எங்களிடம் பறிக்க இருந்தது சுமார் 90 கிலோ. 58,500 ரூபாய். போஞ்சிக்கென்று நாங்கள் வாங்கியிருந்தது 30,000. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் 28,500 மிஞ்சும். இடிந்த கல்லணையைக் கட்ட ஆள் கேட்டபோது ஏறக்குறைய அவ்வளவுதான் கேட்டார். அன்றிரவு நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம் என்று சொன்னால் பொய். விற்பவருக்குத் திரும்ப வழி வைக்காத ஒப்பந்தம் அது, பொருள் கையில் இருக்கும்போது காசைத் திருப்பித் தந்து கழன்றுகொள்ள முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கல்குலேட்டரைத் தட்டிப் பார்த்தோம்.

விற்கவில்லை. 24 வீட்டுக்கும் கால் குறைய நான்கு கிலோ, அதாவது மூன்றே முக்கால் கிலோ பங்கு வைத்தோம். மிச்சம் ஒன்றேகால் கிலோவுக்கு 312 ரூபாய் 50 சதத்தைத் தருகிறோம், அல்லது அடுத்த பறிப்புவரை பொறுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஐந்து வீட்டார் காசை எடுத்தார்கள், அவர்களுக்கு அப்போது காசுதான் தேவை. 19 வீட்டார் பொறுத்தார்கள். கோவா குறைந்ததை வெளியே வாங்கிக் கொடுத்தோம், அதில் எங்களுக்குக் கை நட்டம். ஜனவரி 14 பின்னேரம் கடைசிப் பையைக் கொடுத்துவிட்டுக் கொப்பியில் கோடு கிழித்தோம்.

ஆகவே பஜார்ப் பேச்சுக்கு எங்கள் பதில்: ஆமாம், காசு கட்டியவர்களுக்குத்தான் கொடுத்தோம். ஏனென்றால் அது எங்கள் போஞ்சி இல்லை. செப்டம்பரிலேயே அவர்களுடையதாகிவிட்டது. அவர்கள் காசு வராமலிருந்தால் மேல்தட்டிலும் புல்தான் முளைத்திருக்கும். ரோடு மூடிய வாரத்தில் 24 அடுப்பில் போஞ்சிக் கறி இருந்ததற்குக் காரணம் அந்தக் குடும்பங்கள் எடுத்த துணிச்சல். அதை லொறிக்காரருக்குத் தூக்கிக் கொடுக்க எங்களுக்கு எவ்வளவு உரிமை இல்லையோ, அவ்வளவு உரிமை ஊருக்குத் தூக்கிக் கொடுக்கவும் இல்லை.

ஆனால் ஓர் இடத்தில் நாங்கள் பிழை விட்டோம். லயத்திலிருந்து ஒரு ஆத்தா நனைந்துகொண்டு வந்து அரைக் கிலோ கேட்டார். கொப்பியில் பெயர் இல்லை என்று சொல்லி அனுப்பினோம். உம்மா அந்நேரம் தொழுதுகொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்து எங்களைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. 24 வீட்டுப் பங்கில் கை வைக்க முடியாதுதான். எங்கள் சட்டிக்கென்று எடுத்து வைத்திருந்தோமே, அதில் கொடுத்திருக்கலாம். மறுநாள் கொண்டுபோனோம். ஆத்தா வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை.

இன்னொரு நியாயமும் அந்தப் பேச்சில் இருக்கிறது. செப்டம்பரில் 2500 ரூபாயை ஒன்றாக எடுத்து வைக்க யாரால் முடியும்? மாதச் சம்பளக்காரர்களால் முடியும். கைக்காசுப் பேருக்கு வேலை செய்யும் வீட்டால் முடியாது. எங்களோடு பாத்தி கட்டும் அக்காவின் பெயரே அந்தக் கொப்பியில் இல்லை. எங்கள் மூளைக்கு அது ஜனவரியில்தான் உறைத்தது. தவணை முறையில் வாங்கலாமா என்று மௌலவியிடம் கேட்டோம். காசு முழுசாகக் கை மாறாவிட்டால் அது ஸலமாகாது என்றார். சரி, பங்கையே சின்னதாக்குகிறோம். இந்த முறை ஒரு பங்கு 500 ரூபாய். போஞ்சி இரண்டு கிலோ, அல்லது அதே காசுக்கு நோக்கோல். ஒவ்வொன்றும் தனித்தனி ஒப்பந்தம். ஒரு வீடு ஒன்றும் எடுக்கலாம், ஐந்தும் எடுக்கலாம், தோட்டச் சம்பளம் போட்டபிறகு வந்தால் போதும். மேலே உள்ள முதல் தட்டை யாருக்கும் முன்கூட்டி விற்கப்போவதில்லை. அது கொப்பியில் பெயர் இல்லாமல் வருபவர்களுக்கு.

காசு இல்லாவிட்டாலும் மாட்டெரு வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரு மூட்டை எருவுக்கு என்ன விலை என்று பேசி வாங்கிக்கொள்கிறோம், அந்தக் காசில் பங்கு எடுப்பதா வீட்டுக்குக் கொண்டுபோவதா என்பது உங்கள் விருப்பம். கல்லணை கட்டத் தெரிந்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள், கூலிக்குத்தான்.

குரங்கைப் பற்றிக் கேட்பீர்கள். 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் நின்று குரங்கு, பன்றி, மயில் எல்லாம் எண்ணினோமே, எங்கள் படிவத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். எட்டரைக்கு பதினாறு வந்தன. ஆகவே ஒப்பந்தத்தில் குரங்குக்கும் சேர்த்துத்தான் விதை போடுகிறோம்.

நோன்புப் பெருநாள் கழிந்து, ஏப்ரல் மழையோடு விதை இறங்கும். தவணை ஜூன் 30. கொப்பி உம்மாவிடம் இருக்கிறது. பின்னேரம் நாலரைக்குப் பிறகு வாருங்கள். வந்துவிட்டுப் போகும்போது படலையைக் கொளுவிவிட்டுப் போங்கள்.